போனைத் திறந்து காட்டச் சொன்னால் என்ன செய்வது?

இரவு வாகனச் சோதனையில் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து முடித்த காவலர், "போனைத் திறந்து வாட்ஸ்அப்பைக் காட்டு" என்றால், பெரும்பாலோர் யோசிக்காமல் திறந்து நீட்டிவிடுகிறார்கள். உரிமத்தைக் கேட்க மோட்டார் வாகனச் சட்டம் அதிகாரம் தருகிறது. போனுக்குள் இருப்பதைப் புரட்டிப் பார்க்க அச்சட்டத்தில் இடமில்லை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள், ஐயா?" என்பதே. புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்க உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது உறுப்புக்குள் அடங்கும் என்றனர். அதில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்கொரு சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமானதாக இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. காவல்துறை கையிலெடுக்கும் கருவி எவ்வளவு புதியதானாலும் இந்த மூன்றையும் கொண்டே அதை உரசிப் பார்க்கலாம்.

வழக்கு ஏதும் பதிவாகியிருந்தால் நிலைமை வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவின்படி, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துப்பூர்வ உத்தரவின் மூலம் போன் போன்ற கருவிகளை ஒப்படைக்கச் சொல்லலாம். அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். உத்தரவு இல்லாமலேயே வாங்கினால் கைகலப்பில் இறங்காமல், "என் சம்மதத்துடன் கொடுக்கவில்லை" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். பதற்றத்தில் எதையும் அழித்துவிட வேண்டாம். சாட்சியத்தை அழித்ததாகத் தனிக் குற்றச்சாட்டு வரக்கூடும்.

கடவுச்சொல் விஷயம் சிக்கலானது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(3) உறுப்பு. ஆனால் விரல் ரேகை எடுப்பது அத்தகைய சாட்சியம் ஆகாது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; மருந்து செலுத்தி மனத்திலிருந்து தகவலைப் பறிக்கும் நார்கோ சோதனையைச் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் கூறியது. கடவுச்சொல் இவற்றில் எந்தப் பக்கம்? கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் விரல் ரேகையின் பக்கம் என்றது. டெல்லி உயர் நீதிமன்றமோ 2023-இல், அதைச் சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரை வற்புறுத்த முடியாது என்றது. ஆகவே வழக்கறிஞரிடம் பேசிய பிறகே பதில் சொல்வதாகக் கூறுவது நல்லது. விரலை வைத்துத் திறக்கும் பூட்டைவிட எண் பூட்டு சட்டப்படியும் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

போனைப் பறிமுதல் செய்தால் மகஜரை, அதாவது பறிமுதல் விவரங்களைக் காவலர் எழுதும் பதிவை, படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். "கருப்பு நிற செல்போன் ஒன்று" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. மாடல், போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண், சிம் எண், எடுத்த நேரம், அப்போது போன் அணைக்கப்பட்டிருந்ததா என்பவை எல்லாம் இருக்க வேண்டும். இவை விடுபட்டால், பிறகு உள்ளே ஏதேனும் சேர்க்கப்பட்டது என்று நிரூபிப்பது மிகக் கடினம். அதே சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அனுப்பச் சொல்கிறது. பதிவு செய்கிறார்களா என்று அங்கேயே கேளுங்கள்.

போன் ஒட்டுக் கேட்பு நமக்குத் தெரியாமலே நடப்பது. வழக்கின் ஆவணங்களில்தான் பெரும்பாலும் வெளிப்படும். அப்போது உத்தரவையும் அதற்கான காரணத்தையும் பாருங்கள். பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணமின்றி, சாதாரணக் குற்றப் புலனாய்வுக்காக ஒட்டுக் கேட்க முடியாது என்று கூறி, 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டின் உத்தரவு ஒன்றை ரத்து செய்தது. தெருவில் நிறுத்திப் படம் எடுத்து முக அடையாளத்தைப் பொருத்திப் பார்ப்பதற்கும் சட்டம், நோக்கம், அளவு என்ற அதே மூன்று கேள்விகள்தான். தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் இதை எதிர்த்து ஒரு வழக்கும் தொடரப்பட்டது.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. முறைகேடாக எடுத்தது என்பதற்காகவே ஒரு சாட்சியத்தை நம் நீதிமன்றங்கள் ஒதுக்கிவிடுவதில்லை. அப்படிச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 1973 டிசம்பர் பூரண் மல் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. விசாரணை வரும் வரை காத்திராமல், 226-ஆவது உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தை முன்கூட்டியே அணுகச் சொல்வது இதனால்தான். போனைத் திரும்பப் பெற சன்ஹிதாவின் 503-ஆவது பிரிவின் கீழ் நடுவரிடம் மனு கொடுக்கலாம். மகஜரில் எழுதச் சொன்ன அந்த ஐஎம்இஐ எண் அந்த மனுவுக்கும் தேவைப்படும்.