டாக்ஸண்ட் நாய் காலை இழுத்து நடந்தால் நகத்தைப் பாருங்கள்

எங்கள் ஏழு வயது டாக்ஸண்ட் பின்னங்காலை இழுத்து நடந்தது. பாதத்தில் காயம் என்று நினைத்து மருந்து தடவியதில் நான்கு நாள் வீண். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் பிடிபடவில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பிதுங்கியிருந்தால் எம்ஆர்ஐ போன்ற ஸ்கேனில்தான் சரியாகத் தெரியும்.

சிங்கப்பூரில் சீன மருத்துவமும் படித்த கால்நடை மருத்துவரிடம் போனோம். நாக்கின் நிறம், தொடையின் உள்பக்க நாடி இரண்டையும் பார்த்தார். பிறகு பாதத்தைத் திருப்பிக் காட்டினார்: நடு இரண்டு நகங்களின் மேல்புறம் மட்டும் தேய்ந்திருந்தது. பாதம் மடங்கித் தரையில் உரசுகிறது, கோளாறு முதுகில்.

இடுப்புப் பள்ளத்தில் உள்ள ‘பாய்ஹுய்’ புள்ளியிலும் காலிலும் அக்குபங்சர் ஊசி, அதில் மெல்லிய மின்சாரம், வாரம் இருமுறை. வலி மாத்திரையை நிறுத்தவில்லை. ஆறு வாரம் கூண்டிலேயே வைத்ததுதான் பாதி வைத்தியம் என்பேன். மூன்றாம் வாரம் பாதத்தை ஊன்றி நின்றது. அப்பாடா!

ஒன்று: இப்படிப்பட்ட மருத்துவரிடம் போகும் நாளில் சாயம் கலந்த தின்பண்டம் கொடுக்காதீர்கள், நாக்கின் நிறம் மாறிவிடும்.