நெல்லைப் பக்கத்திலிருந்து குளிர்நாட்டுக்கு வந்திருக்கிறீர்களா? முதலில் தெர்மல் பேண்டைக் கவனியுங்கள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து கனடாவுக்கோ நார்வேக்கோ வரும் பிள்ளைகளின் பெட்டியில் பெரும்பாலும் ஒரு காட்டன் தெர்மல், அதாவது பேண்டுக்குள் தோலோடு ஒட்டிப் போடும் குளிர்கால உள்ளாடை, இருக்கும். அம்மா ஆசையாக டவுனில் வாங்கி வைத்தது. வீட்டுக்குள் போட்டுத் தூங்க அது நல்ல துணி. பனியில் நடக்கவோ வெளிவேலைக்கோ மட்டும் அதைப் போடாதீர்கள்.

சாரல் காலத்தில் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு காற்றில் நின்றால் பல் தந்தியடிக்கும். அங்கே அப்போது 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும், ஆனாலும் நடுங்குகிறோம். ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொள்வதும், காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதும்தான் காரணம். மைனஸ் 10 டிகிரியிலும் வேகமாக நடந்தால் தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் வியர்க்கும். காட்டன் அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடவே விடாது. நடையை நிறுத்தி பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் குளிர் ஏறும். பாளையங்கோட்டை மே மாத வெயிலில் நம்மைக் காப்பாற்றுகிற அதே குணம் இங்கே எதிரியாகிவிடுகிறது. மேலே ஜீன்ஸ் போடுவதும் அப்படித்தான், அதுவும் காட்டன்.

அதனால் மெரினோ கம்பளி (மெரினோ என்ற ஆட்டு வகையின் மெல்லிய ரோமம்) அல்லது பாலியஸ்டரில் பின்னிய தெர்மல் வாங்குங்கள். மெரினோ ஈரமானாலும் ஓரளவு சூடு தரும், நான்கைந்து நாள் போட்டாலும் அவ்வளவாக நாறாது, சாதாரணக் கம்பளி மாதிரி குத்தாது. விலைதான் கூடுதல். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், நன்றாக உழைக்கும், ஆனால் அடிக்கடி துவைக்க வேண்டும். தினமும் ஓடுபவர், சாமான் டெலிவரி செய்பவர் என்றால் என் ஓட்டு பாலியஸ்டருக்கே.

துணியின் கனம் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அட்டையில் போட்டிருக்கும். நடக்க, ஓட 150 போதும். 250 என்பது மீன் பிடிக்க உட்காருபவருக்கும், நின்றுகொண்டே வேலை பார்ப்பவருக்கும். குளிருக்குப் பயந்து எல்லாரும் தடித்ததையே எடுக்கிறார்கள், அப்புறம் வியர்வையில் நனைகிறார்கள். வெளியே காலெடுத்து வைக்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. தோலோடு ஒட்டி இருக்கட்டும், இடுப்பையும் கணுக்காலையும் இறுக்கக் கூடாது. காற்று பலமாக அடித்தால் மேலே காற்றுப் புகாத பேண்ட் ஒன்று அவசியம்.

துவைக்கும்போது துணியை மிருதுவாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், ஈரத்தை வெளியேற்றும் தன்மையைக் கெடுத்துவிடும். மெரினோவை 30 டிகிரித் தண்ணீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். உலர்த்தும் மெஷினில் போட்டால் சுருங்கிவிடலாம்.

ஊரிலிருந்து அம்மா அப்பா குளிர்காலத்தில் வருவதாக இருந்தால் அளவை முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். சேலைக்குள்ளும் வேட்டிக்குள்ளும் தாராளமாகப் போடலாம், வெளியே தெரியாது. ஏர்போர்ட்டுக்கு அழைக்கப் போகும்போதே கையோடு எடுத்துப் போங்கள்.