கைக்குழந்தையோடு தனியாக விமானம் ஏறுவது எப்படி: வன்னியில் இருந்து வெளிக்கிடும் தாய்மாருக்கு

என்னென்ன கொண்டுபோவது என்று ஊரில் எல்லாருமே பட்டியல் தருவார்கள். தனியாகப் போகிற தாய் அதைவிட ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்க வேண்டும்: பிள்ளை ஒரு கையில் இருக்கும்போது மற்றக் கையால் இதைச் செய்ய முடியுமா? முடியாது என்றால் அந்தப் பொருள் வீட்டிலேயே இருக்கட்டும், அல்லது பெரிய பெட்டிக்குள் போகட்டும். கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் போய், வளைகுடாவில் விமானம் மாறி, ஏழு மாதப் பிள்ளையோடு லண்டன் வந்து சேர்ந்தபிறகு இதை எழுதுகிறேன்.

பத்திர வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குத் தனிப் பாஸ்போட் வேண்டும், வவுனியா அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். தகப்பன் வெளிநாட்டில் என்றால் அவருடைய சம்மதக் கடிதம் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் உறுதிப்படுத்தலோடு வரவேண்டும், அது இழுபடும், ஆகவே அதை முதலில் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் பாஸ்போட்டிலும் ரிக்கெற்றிலும் பெயர் ஒரே எழுத்துக்களில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளினிக் கொப்பியில் தடுப்பூசிப் பக்கங்களைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கையில் வைத்திருங்கள், போகிற நாட்டு வைத்தியர் கட்டாயம் கேட்பார். எங்கள் ஊர் அட்டவணையில் 2, 4, 6 மாதங்களில் ஊசி, 9 மாதத்தில் எம்எம்ஆர் என்கிற சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி. ஊசிக்கு அடுத்த நாளே பயணம் வைக்காதீர்கள், காய்ச்சல் வந்தால் வழியில் நீங்கள் ஒரு ஆள்தான். மிட்வைஃப் அக்காவிடம் பயணத் திகதியை முன்கூட்டியே சொன்னால் அவவே பார்த்து ஒழுங்கு செய்து தருவா.

ரிக்கெற் எடுக்கும்போது: இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மடியில் வைத்துக்கொண்டு போவதென்றால் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்து வீதமளவும் வரிகளும்தான். திரும்பி வருவதற்குள் இரண்டு வயது ஆகிவிடும் என்றால் வருகிற பயணத்துக்குத் தனி சீற் வாங்க வேண்டிவரும். லண்டனுக்கு நேரடி விமானம் இருக்கிறது, கொஞ்சம் விலை கூடினாலும் தனியாகப் போகிறவர் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ரொறொன்ரோ போன்ற இடங்களுக்கு மாறித்தான் ஆகவேண்டும், அப்போது இடையில் குறைந்தது மூன்று மணித்தியாலமாவது கேளுங்கள். ஒன்றரை மணித்தியாலம் போதும் என்று ரிக்கெற் போடுகிற தம்பி சொல்வார், அவர் பம்பர்ஸ் மாற்றுகிற நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

ரிக்கெற் எடுத்த அன்றே விமான நிறுவனத்துக்கு அழைத்து பேசினெற் கேளுங்கள். முன்வரிசைச் சுவரில் பூட்டுகிற சின்னத் தொட்டில் அது. ஒரு விமானத்தில் சிலதுதான் இருக்கும், நிறையும் நீளமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் உங்கள் பிள்ளையின் நிறையைச் சொல்லியே கேளுங்கள். ஏணையில் படுத்துப் பழகிய பிள்ளை அதில் உடனே நித்திரை கொள்ளாது. போவதற்கு முன் கொஞ்சநாள் பகல் நித்திரையையாவது பாயில் பழக்கிவிட்டால் நல்லது. அம்மம்மாவின் பழைய பருத்திச் சீலையில் ஒரு துண்டு கிழித்துக் கொண்டுபோய் அடியில் விரியுங்கள். பழகின மணம், அதோடு உள்ளே குளிர் அதிகம்.

சாமான் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. தள்ளுவண்டிலைவிட முன்னால் கட்டுகிற பேபி கரியர் நல்லது. அதிலும் கிளிப் பூட்டுகிற வகைதான், நீளத்துணியைச் சுற்றிக் கட்டுகிற வகை விமான நிலையத் தரையெல்லாம் இழுபடும். தோளில் கொழுவுகிற ஹாண்ட்பாக் வேண்டாம், குனிந்தால் பிள்ளையின் தலையில் வந்து இடிக்கும். முதுகுப்பை ஒன்று, பாஸ்போட்டுக்கு இடுப்பில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். முதுகுப்பைக்குள் சின்னச் சின்னச் சொப்பிங் பைகளாகக் கட்டி வையுங்கள்: ஒவ்வொன்றிலும் ஒரு பம்பர்ஸ், கொஞ்சம் ஈர ரிசூ, ஒரு சட்டை. கழிவறைக்கு அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம், அழுக்கை அதே பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிடலாம். சட்டை மாற்று உங்களுக்கும் ஒன்று வேண்டும்.

கிளிநொச்சியில் இருந்து புத்தளம், நீர்கொழும்பு வழியாக வான் வண்டியில் ஆறேழு மணித்தியாலம். அந்தக் களைப்போடு போய் நேரே வரிசையில் நிற்காமல், முடிந்தால் நீர்கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் ஒரு இரவு தங்குங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் கரியரையும் கழற்றச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும்போதே தொலைபேசி, சங்கிலி, இடுப்புப் பை எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டு, அதை முதலில் பெல்ட்டில் வையுங்கள். பிள்ளையைக் கடைசியாகத்தான் கழற்ற வேண்டும். பிள்ளையின் பாலுக்கும் கொதித்தாறிய தண்ணீருக்கும் 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு பொதுவாக இல்லை, ஆனால் வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழந்தால் இழக்கட்டும், நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

இனி, என்னை உண்மையிலேயே திணறவைத்த இடம். பேசினெற் சீற்றுக்கு முன்னால் வேறு சீற் கிடையாது, அதனால் பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பை மேலே பெட்டிக்குள் போய்விடும். ஆனால் பால் போத்தல் வேண்டியது சரியாக அந்த நேரத்தில்தான். எனக்கு பிள்ளை வீரிட்டு அழ, சீற் பெல்ட் வெளிச்சம் எரிய, போத்தல் தலைக்கு மேலே பூட்டின பெட்டிக்குள். ஆகவே இருந்தவுடனேயே போத்தல், சூப்பி, துடைக்கிற துணி, ஒரு சொப்பிங் பை ஆகியவற்றை வெளியே எடுத்து சுவர்ப் பைக்குள் வையுங்கள், சுவர்ப் பை இல்லாவிட்டால் கரியரின் பைக்குள். அந்த வரிசையில் கைப்பிடியும் உயராது, சாப்பாட்டுத் தட்டு அதற்குள்தான் மடித்திருக்கும், பக்கத்து சீற் வெறுமையாக இருந்தாலும் பிள்ளையை நீட்டிப் படுக்கவைக்க முடியாது. பிள்ளைக்கு ஒரு சின்ன பெல்ட் தருவார்கள், அதை உங்கள் பெல்ட்டுக்குள் கோர்த்துப் பூட்ட வேண்டும். ஒருமுறை பூட்டிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். விமானம் குலுங்கி அந்த வெளிச்சம் எரிந்தால் நித்திரையாக இருந்தாலும் தொட்டிலில் இருந்து தூக்கத்தான் வேண்டும்.

காதடைப்புக்கு விழுங்குவதுதான் மருந்து. பிள்ளை விழுங்கும்போது காதின் உள்குழாய் திறந்து அழுத்தம் சமப்படும். பலர் ஏறும்போது பால் கொடுத்துவிட்டு இறங்கும்போது மறந்துவிடுகிறார்கள், இறங்கும்போதுதான் காது கூட வலிக்கும். தரை தட்டுவதற்கு ஏறக்குறைய அரை மணிக்கு முன்பே விமானம் பதியத் தொடங்கிவிடும், அதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரேயடியாகக் குடித்து முடித்துவிட்டால் சூப்பியைக் கொடுங்கள். பால்மாவென்றால் அளந்து தனித்தனியாகக் கட்டிக்கொண்டு போங்கள், விமானத்தில் சுடுதண்ணீர் தருவார்கள், கரைத்து ஆறவைத்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கரைத்த பாலை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

நித்திரைக்கு பிரிட்டோன் (சளி, ஒவ்வாமைக்குக் கொடுக்கிற, நித்திரை வரவைக்கும் மருந்து) கொடு என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு வைத்தியர் சொல்லாமல் அதைக் கொடுப்பது மூச்சுக்கே ஆபத்தாகலாம்.

பிறகு சேர்த்தது: மாங்குளத்தில் இருந்து ஒரு தங்கச்சி, தள்ளுவண்டில் இல்லாமல் முடியாது அக்கா, பிள்ளை பத்துக் கிலோ என்று எழுதியிருந்தா. சரி, கொண்டுபோங்கள், ஆனால் ரிக்கெற் மேசையில் வண்டிலுக்குத் துண்டு ஒட்டும்போது, மாறுகிற இடத்தில் விமான வாசலிலேயே தருவீர்களா, கடைசி இடத்தில்தானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைசி இடம் என்றால் நடுவில் கரியர்தான் கதி. டோஹாவிலும் டுபாயிலும் உள்ளே இரவல் வண்டில்கள் இருக்கின்றன.

இன்னொருவர் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னை போய் அங்கிருந்து போகலாமா என்று கேட்டிருந்தார். எங்களுக்குக் கிட்டத்தான். ஆனால் பலாலிக்கு வருவது சின்ன ஏடிஆர் விமானம், தொட்டில் இல்லை, படியேறிப் போகவேண்டும். இரண்டு ரிக்கெற்றையும் தனித்தனியாக எடுத்தால் சென்னையில் வெளியே வந்து பெட்டிகளைத் திரும்பப் போடவேண்டும், அதற்கு இந்திய விசாவும் வேண்டும். கைக்குழந்தையோடு நான் அதைச் செய்யமாட்டேன்.

கடைசியாக, கூட்டிப்போக வருகிறவரிடம் இன்றே சொல்லிவையுங்கள்: பிரித்தானியாவில் சொந்தக் காரில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகமுடியாது, சட்டப்படி கார் சீற் வேண்டும். அதை முதல்நாளே காரில் பூட்டி, பெல்ட் இழுத்துப் பார்த்துவிட்டு வரட்டும்.