டவுன் சிண்ட்ரோம் பிள்ளையின் இதயம்: மலையகத்தில் நாம் விடும் தவறுகள்

டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும். அதனால்தான் பிள்ளை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் முதல் மாதத்துக்குள் எக்கோ ஸ்கேன் (ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுக்க வேண்டும். நம் பக்கத்தில் முதல் தவறே இங்கேதான். "டொக்டர் குழாய் வைத்துப் பார்த்தார், சத்தம் ஒன்றும் இல்லையாம்" என்று லயத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.

இதயத்தில் ஓட்டை பெரிதாக இருந்தும் சத்தம் கேட்காமல் போகலாம். வயிற்றில் இருக்கும்போது பிள்ளையின் நுரையீரல் இரத்தக்குழாய்கள் இறுகிக் கிடக்கும். பிறந்தபின் சில வாரங்களில் மெல்ல விரியும். இறுக்கம் இருக்கும்வரை இதயத்தின் இரு பக்கமும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமம், அதனால் இரைச்சல் எழாது. குழாய்கள் விரிந்ததும் ஓட்டை வழியாக நுரையீரலுக்கு இரத்தம் வெள்ளமாகப் போகும். மேல்மூச்சு, பால் குடிக்கையில் நெற்றி வியர்ப்பது, நிறை கூடாதது எல்லாம் பெரும்பாலும் 4 முதல் 8 வாரத்தில் தெரிய வரும்.

டவுன் பிள்ளைகள் சிலருக்கோ அந்த இறுக்கம் விடுவதே இல்லை. மூச்சிரைக்காது, பார்க்க அமைதியாக இருக்கும். "பிள்ளை தேறிட்டுது" என்று பாட்டிமார் சந்தோஷப்படுவார்கள். உள்ளே குழாய்ச் சுவர் தடித்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு ஓட்டையை மூடுவதே ஆபத்தாகிவிடும். இதயத்தின் நடுவே மேலறை கீழறை எல்லாவற்றுக்கும் பொதுவாக விழும் பெரிய ஓட்டைக்கு வழக்கமாக 3 முதல் 6 மாத வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். ஆகவே "கொஞ்சம் பெரிசாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று நாமாகத் தள்ளிப்போடுவதுதான், என் கணக்கில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ கொழும்பு ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ போனால் ஒரு நாள் பேர், அதாவது தோட்டத்து நாட்சம்பளம், போய்விடும், உண்மைதான். சிகிச்சைக்குக் காசு வாங்கமாட்டார்கள் என்பதாவது ஆறுதல். கிளினிக் நாளுக்குப் போக முடியாவிட்டால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி வேறு திகதி கேளுங்கள், சும்மா விட்டுவிடாதீர்கள்.

"இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்" என்ற பேச்சும் ஆபத்து. தசை தளர்வாக இருப்பதால் இவர்கள் மெதுவாகக் குடிப்பார்கள், சரி. ஆனால் இரண்டு வாய் குடித்ததும் வியர்த்துக் களைத்துத் தூங்கினால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால் அன்றே ஆஸ்பத்திரி.

அப்புறம் குளிர். குளிரில் கை கால் நீலமாவது பச்சைப்பிள்ளைக்குச் சகஜம். நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலமானால் அதற்குக் குளிர் காரணமல்ல, உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒட்சிசன் குறைந்தால் நுரையீரல் குழாய்கள் இன்னும் இறுகும். பரம்பரையாக இங்கேதான் இருக்கிறோம் என்பது இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டும் விரல் மீற்றரில் 95 வீதத்துக்குக் கீழே காட்டினால், மலைதானே என்று நாமே தீர்ப்புச் சொல்லக்கூடாது.

விறகடுப்புப் புகையில் பிள்ளையைக் கிடத்தாதீர்கள். குறட்டையையும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். அதுவும் நுரையீரல் அழுத்தத்தைக் கூட்டும். நீர் போக்கும் மருந்து கொடுத்திருந்தால், பிள்ளை தேறிவிட்டதென்று நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அந்த மருந்தால்தான் தேறியிருக்கும். இருமல் காய்ச்சலுக்குத் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனாலும் ஆஸ்பத்திரியில் நோய் விபரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.