முதலாளி கடையில் இல்லாத ஒரு நாள்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஐந்து பேரை வைத்துச் சாப்பாட்டுக் கடை நடத்துகிற ஒருவர் கண்டியில் கலியாண வீட்டுக்குப் போகிறார் என்று வையுங்கள். பஸ் கந்தளாய் தாண்டுவதற்குள் போன் மூன்று தரம் அடிக்கும். காஸ் முடிஞ்சுது, எங்கை எடுக்கிறது? மீன்காரர் கிலோவுக்கு இருநூறு கூடச் சொல்லுறார், வாங்கட்டோ? கொத்து சரியான உறைப்பாம், ஒருத்தர் காசு தரமாட்டன் எண்டு நிக்கிறார், என்ன செய்யிறது?

மூன்றுக்கும் பதில் கடைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். இல்லாமல் போனதற்கு வேலையாட்களின் மந்தம்தான் காரணம் என்று முதலாளிமார் சொல்வதுண்டு. பெரும்பாலும் உண்மை வேறு. எப்போதோ ஒருவர் தானாக ஒரு முடிவு எடுத்திருப்பார், அதற்கு நாலு பேர் முன்னால் ஏச்சு வாங்கியிருப்பார். அன்றோடு அந்தக் கடையில் யோசிக்கிற வேலை முதலாளியின் தலைக்குப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் தலைமைக்குப் பழகுவது. இரண்டு மாதம் பிடிக்கும், செலவு ஒரு கொப்பியும் ஒரு மட்டையும்.

முதல் வாரம்: கேள்விக் கொப்பி

நாற்பது பக்கக் கொப்பி ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஏழு நாளும் உங்களிடம் வருகிற ஒவ்வொரு கேள்வியையும் நேரம், கேட்டவர், கேள்வி, உங்கள் பதில் என்று ஒரு வரியில் எழுதுங்கள். போனில் வந்ததும் சேர்த்தி. இந்த வாரம் எதையும் திருத்தப் போகாதீர்கள். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

செவ்வாய் 7.10, சமையல் அண்ணை, அரிசி எத்தனை சுண்டு? பதினாலு.
9.40, கல்லாவில் நிற்கும் தங்கச்சி, 5,000 தாளுக்குச் சில்லறை இல்லை. பக்கத்துப் பேக்கரியில் மாத்து.
12.25, பரிமாறுகிற தம்பி, பார்சல் ஒன்று மாறிப் போய்விட்டது. புதுசு குடுத்து விடு.
4.15, சமையல் அண்ணை, அடுத்த மாதம் ஆயிரம் கூட்டித் தரச் சொல்கிறார். நாளைக்குக் கதைப்பம்.

வாரக் கடைசியில் ஒவ்வொரு வரிக்கும் குறி போடுங்கள். எப்போதும் ஒரே பதில் வருகிறது என்றால் "வ", வழமை. காசு சம்பந்தப்பட்டது என்றால் "கா". உண்மையிலேயே நீங்கள் மட்டும் முடிவெடுக்க வேண்டியது என்றால் "நா". மேலே உள்ள நாலு வரியில் "நா" ஒன்றுதான், சம்பளக் கதை. எழுதிப் பார்க்காமல் இதை யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் எழுதுங்கள்.

மட்டையும் காசு எல்லையும்

"வ" வரிகளை ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டுங்கள். சாதாரண நாளில் அரிசி 14 சுண்டு, சனி ஞாயிறு 18. காஸ் எடுக்கிற கடையின் பெயரும் போன் இலக்கமும். கடைசிச் சிலிண்டரை மாட்டிய உடனேயே அடுத்ததற்குச் சொல்ல வேண்டும் என்ற விதி. பத்து வரிக்கு மேல் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

"கா" வரிகளுக்கு ஒரு எல்லை வேண்டும். ஒவ்வொரு நேர வேலைக்கும் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். இரண்டு பேர் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பில்லை. அவர் 2,000 ரூபா வரை உங்களைக் கேட்காமல் செலவு செய்யலாம், சாப்பாட்டைத் திருப்பி எடுக்கலாம், விலை குறைக்கலாம். செய்ததைக் கொப்பியில் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதம் ஒழுங்காகப் போனால் எல்லையை 5,000 ஆக்குங்கள்.

தொகை சொல்லாமல் "பார்த்துச் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் நிறைய. அதில் அதிகாரம் ஒன்றும் இல்லை. பிழைத்தால் பழி யாருக்கு என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. அதைக் கேட்டவர் போன்தான் எடுப்பார்.

எல்லைக்குள் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அந்த நட்டம் உங்களுடையது. முதல் தடவையே "இதுக்குப் போய் 1,200 ரூபாவை விட்டியே" என்று வாடிக்கையாளர் முன்னால் சொன்னீர்கள் என்றால், மட்டையைக் கழற்றிவிட்டுப் பழையபடி போனோடு இருக்கலாம்.

வேலையைக் கைமாற்றுவது

மீன் வாங்குகிற வேலையை எடுத்துக்கொள்வோம், கடைசி வரை முதலாளி விடாமல் பிடித்திருப்பது அதுதான். முதல் மூன்று நாள் நீங்கள் வாங்குங்கள், அவர் பக்கத்தில் நிற்கட்டும். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பா, விரலால் அமுக்கினால் சதை திரும்பி வருகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாங்குங்கள். அடுத்த மூன்று நாள் அவர் தெரிவு செய்யட்டும், காசு நீங்கள் கொடுங்கள். அதற்கடுத்த மூன்று நாள் அவரே விலை பேசட்டும், நீங்கள் பத்து அடி தள்ளி நில்லுங்கள். பத்தாம் நாள் நீங்கள் போக வேண்டாம்.

விலைக்கும் ஒரு விதி கொடுங்கள்: கடைசி மூன்று நாள் வாங்கிய விலையின் சராசரிக்கு மேல் நூற்றுக்குப் பத்து வரை வாங்கலாம். அதற்கு மேல் போனால் போன் எடுக்கத் தேவையில்லை, அறக்குளாவை விட்டுவிட்டுச் சூரையோ பாரையோ எடுத்து அன்றைய கறியை மாற்றலாம். இந்தக் கடைசி வசனம் இல்லாவிட்டால் விதி இருந்தும் பயனில்லை. "கூடாது" என்பதோடு "அப்படியென்றால் என்ன செய்வது" என்பதையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

கல்லா குறைந்தால்

இரவு எண்ணும்போது 1,500 ரூபா குறைகிறது. "ஆர் எடுத்தது?" என்று கேட்டால் அன்றோடு உண்மை வராது. ஒழுங்காகக் கேளுங்கள்.

"தங்கச்சி, காலமை எவ்வளவோட துவங்கினது?"
"பத்தாயிரம் அண்ணா."
"ஐஸ்காரருக்குக் காசு ஆர் குடுத்தது?"
"நான்தான்… துண்டு எழுதேல்லை."

இப்படித்தான் பெரும்பாலும் முடியும். ஐஸ், தேங்காய், ஓட்டோக் கூலி என்று கல்லாவிலிருந்து போகிற சின்னச் செலவுக்குத் துண்டு இருக்காது. ஒரு பலகையில் ஆணி அடித்து வைத்து, எந்தக் காசு வெளியே போனாலும் துண்டைக் குத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று ஆக்குங்கள். உங்களுக்கும் அதே ஆணிதான். முதலாளி லாச்சியைத் திறந்து கண்டபடி எடுக்கிற கடையில் மற்றவர்களிடம் கணக்குக் கேட்க முடியாது. உங்களுக்கென்று மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து அதை மட்டும் எடுங்கள். கல்லாவில் மைத்துனர் இருந்தால் அவருக்கும் துண்டு உண்டு. அவருக்கு இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை.

மழை மாதத்தை மே மாதமே யோசிப்பது

எங்கள் கிழக்குக் கரையில் சுற்றுலாச் சீசன் மே முதல் செப்டம்பர் வரை. வாடைக்காற்று மழை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் நிலாவெளிப் பக்கம் அறைகள் காலி, கடையும் காலி. நவம்பரில் ஆட்களை நிற்பாட்டிவிட்டு மே மாதம் புது ஆட்களைத் தேடுவது பலர் செய்வது. பழக்கியதெல்லாம் அந்த ஆட்களோடு போய்விடும், மட்டையையும் கொப்பியையும் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு 45,000 சம்பளம். அதில் 8 வீதம், 3,600 ரூபா, அவருடைய ஊழியர் சேமலாப நிதிப் பங்காகக் கழியும். அதற்கு மேல் உங்கள் பங்கு 12 வீதம், 5,400. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 1,350. ஆக ஒருவருக்கு உங்கள் செலவு 51,750, ஐந்து பேருக்கு 2,58,750. வாடகை 40,000, மின்சாரம் 20,000 என்று போட்டால் மாதம் 3,18,750. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்கு 9,56,250.

மே முதலாம் தேதியிலிருந்து செப்டம்பர் முடிய 153 நாள். பிரித்தால் நாளுக்கு 6,250 ரூபா. தினம் கடை மூடும்போது இதை எடுத்து வேறொரு வங்கிக் கணக்கில் போடுங்கள், மாதக் கடைசியில் மிஞ்சினால் போடுவோம் என்று விடாதீர்கள், மிஞ்சாது. 6,250 முடியாது என்றால் அதுவும் நல்ல செய்திதான். நவம்பரில் தெரிய வேண்டியது ஜூனிலேயே தெரிந்துவிட்டது. மழைக்கு மூன்று பேரைத்தான் வைத்திருக்கலாம் என்றால் அதை ஆகஸ்ட்டிலேயே முகம் பார்த்துச் சொல்லுங்கள், வேறு வேலை தேட அவர்களுக்கு நேரம் இருக்கும். அப்படிச் சொல்லி அனுப்பியவர் மே மாதம் திரும்பி வருவார்.

வேலை நேர அட்டவணையை மூன்று மாதத்துக்கு ஒரேயடியாகப் போடுங்கள். கிண்ணியாவிலிருந்து வருகிற தம்பிக்கு வெள்ளி ஜும்மா நேரம், ஆடி அமாவாசை விரதம், நத்தார் இரவு என்று முன்கூட்டியே குறித்தால் அவர்களே தங்களுக்குள் மாறிக்கொள்வார்கள். சிங்களம் கதைக்கக்கூடிய ஒருவராவது எந்த நேரமும் இருக்க வேண்டும், வார இறுதியில் கட்டாயம்.

சோதனை நாள்

ஆறாவது வாரம், வியாபாரம் குறைந்த ஒரு செவ்வாயில், பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை போனை நிற்பாட்டிவிட்டு எங்கேயாவது போங்கள். எட்டாவது வாரம் முழு நாள். தீ, காயம், பொலிஸ் இந்த மூன்றுக்கு மட்டும் வீட்டு இலக்கம்.

திரும்பி வந்ததும் "எவ்வளவு ஓடினது?" என்று கேட்காமல் கொப்பியைத் திறங்கள். ஐந்தாறு வரியும் அதற்கேற்ற துண்டுகளும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வையுங்கள். ஒரு வரியும் இல்லையென்றால் சந்தோஷப்பட வேண்டாம், குசினிக்குப் போய்க் காஸ் சிலிண்டரையும் பிரிட்ஜில் இருக்கிற மீனையும் பாருங்கள். புதுச் சிலிண்டர் வந்து எழுதாமல் விட்டிருந்தால், ஏச்சுக்குப் பயம் இன்னும் போகவில்லை. எல்லையை 2,000லேயே வைத்துக்கொண்டு இன்னொரு மாதம் பழகுங்கள்.