பிளீச்பிட்டை டெர்மினலில் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணை, ஒரு ஜிபி இடம் வந்திட்டுது. ஆனா ஒரு பாஸ்வேர்டும் இல்லை."

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் படிக்கும் பல்கலைக்கழக மாணவி ஒருவர் லப்டொப்பும் கையுமாக வந்து நின்றார். பிளீச்பிட் என்பது வேண்டாத கோப்புகளை அழித்து இடத்தை மீட்கும் மென்பொருள். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் திரையில், அவர் அதற்குப் போட்ட கட்டளையைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. 'கிளீன்' என்று எழுதி, பயர்பொக்ஸ், ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரக் குறி (--clean firefox.*). அந்த நட்சத்திரத்துக்கு 'எல்லாம்' என்று பொருள். பிறவுசர் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கேஷ் மட்டுமல்ல; குக்கி, பார்த்த பக்கங்களின் வரலாறு, சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். ஜன்னல் வடிவில் கடவுச்சொல் பெட்டியில் சரி போட்டால் பிளீச்பிட் எச்சரிக்கும். டெர்மினலில் அந்தக் கேள்வியே வராது. அழிந்தவை குப்பைத் தொட்டிக்கும் போகாது, நேரே போய்விடும்.

நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். 'லிஸ்ட்' (--list) கட்டளையைக் கொடுத்தால் எதையெல்லாம் துப்புரவு செய்யலாம் என்று ஒவ்வொரு வரியாகக் காட்டும். அதில் வேண்டியதை மட்டும், உதாரணமாக பயர்பொக்ஸ் புள்ளி கேஷ் (firefox.cache) என்று முழுப்பெயரோடு எழுதுங்கள். பிறவுசரை மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், 'கிளீன்' என்ற சொல்லைத் தட்டுவதற்கு முன் அதே வரியில் அதற்குப் பதிலாக 'பிரிவியூ' (--preview) போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் அழியாது. எந்தக் கோப்பு, எத்தனை மெகாபைட், எந்தப் பாதை என்று வரி வரியாக ஓடும். கடைசியில் மொத்தம் எவ்வளவு இடம் மீளும், எத்தனை கோப்பு போகும் என்ற கணக்கு வரும். கணக்கை மட்டும் பார்த்துவிட்டு என்டரைத் தட்டுகிறவர்கள்தான் அதிகம். பாதைகளை வாசியுங்கள். உங்கள் ஆவணக் கோப்புறையின் பெயர் அங்கே தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். 'டீப் ஸ்கேன்' என்ற பகுதியைத் தெரிவு செய்தால் அப்படி நடக்கலாம், ஏனென்றால் அது 'பாக்' (.bak) என்று முடியும் காப்புக் கோப்புகளையும் தேடிப் பிடிக்கும்.

பட்டியலில் 'ஃப்ரீ டிஸ்க் ஸ்பேஸ்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. அது இடத்தை மீட்டுத் தராது. ஏற்கெனவே வெற்றாக இருக்கும் இடத்தின் மேல் எழுதி, பழைய கோப்புகளின் தடயத்தை மறைக்கும் வேலை அது. விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும், 1 டெராபைட் வெற்றிடத்துக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணித்தியாலம் ஆகும். சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வகை டிஸ்க் என்றால் வீணாகத் தேயும், தடயம் முழுதாகப் போனது என்ற உறுதியும் கிடையாது. கணினியை விற்கப் போவதில்லையென்றால் தொடவே வேண்டாம்.

நிர்வாகி அதிகாரம் தரும் 'சுடோ' (sudo) என்ற சொல்லை முன்னால் போட்டு ஓட்டினால் இன்னும் நன்றாகத் துப்புரவாகும் என்ற எண்ணமும் பிழை. லினக்ஸில் அது பெரும்பாலும் ரூட் எனப்படும் நிர்வாகிக் கணக்கின் கோப்புகளைத்தான் பார்க்கும், உங்கள் பிறவுசரின் கேஷ் அப்படியே கிடக்கும். மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் இறக்கி வைத்த பொதிகளை நீக்குவது போன்ற வேலைக்கு மட்டும் சுடோ போட்டால் போதும். சொந்தக் கணக்கைச் சாதாரணப் பயனராகவே சுத்தம் செய்யுங்கள்.

சுடோவோடு ஓட்டும்போது எனக்கு உண்மையிலேயே பயம் தருவது 'லோக்கலைசேஷன்ஸ்'. வேண்டாத மொழிகளின் இடைமுகக் கோப்புகளை லினக்ஸிலிருந்து நீக்கும் தெரிவு அது. எந்தெந்த மொழிகள் இருக்க வேண்டும் என்பதை நாம்தான் குறித்துக் காட்ட வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை ஆங்கிலத்தில் நிறுவிவிட்டு, அதே கணினியில் வீட்டில் ஒருவர் தமிழ் மெனுக்களோடு வேலை செய்கிறார் என்றால், தமிழைக் குறிக்காமல் ஓட்டியதும் அவருடைய மெனுக்கள் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடலாம். எழுத்துருக்களுக்கும் அவர் எழுதிய ஆவணங்களுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெற அந்தப் பொதிகளை மறுபடி நிறுவ வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா தமிழ் மெனுவில்தான் வேலை செய்கிறார். அவருடைய கணினியில் உட்கார்ந்தால், ரூட்டாகத் திறந்த பிளீச்பிட்டின் விருப்பத்தேர்வுகளில் மொழிப் பட்டியலைத் திறந்து தமிழுக்கு ஒரு சரி போட்டுவிட்டுத்தான் டெர்மினலைத் தொடுவேன்.