தலைக்காயத்துக்குப் பிறகு உடலைப் பேணுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விபத்தில் தலையில் அடிபட்டவர் கண்விழித்துப் பேசத் தொடங்கி, ஸ்கேனிலும் ரத்தக்கட்டு கரைந்துவிட்டது என்று தெரிந்ததும், கண்டம் தப்பியதாகக் குடும்பத்தார் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் விழுங்குவது, வியர்ப்பது, சிறுநீரை அடக்குவது எல்லாமே மூளையின் கட்டுப்பாட்டில் நடப்பவை; அவை தடுமாறும்போது அதைத் தனி நோயாகவோ, நோயாளியின் பிடிவாதமாகவோ எண்ணிவிடுவதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர்.

உயிருக்கே உலை வைக்கக்கூடியது உணவூட்டும் தவறு. வயிறு நிறைந்தால்தான் தெம்பு வரும் என்று, படுத்திருப்பவரின் வாயில் கஞ்சியைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். விழுங்கும் தசைகளின் ஒழுங்கு குலைந்திருந்தால் அந்தக் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். புரையேறினால் தெரிந்துவிடுமே என்று நம்பியிருக்க முடியாது. தொண்டையின் உணர்வு மங்கியவருக்கு ஓர் இருமல்கூட வராமல் போகலாம். ஒரு வாய் விழுங்கியதும் அவருடைய பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்; குரல் நீர் தேங்கியதுபோல் களகளத்தால் ஊட்டுவதை உடனே நிறுத்திவிடுங்கள். கெட்டியான கூழைவிட வெறும் தண்ணீரே எளிதில் வழிதவறிப் போகும். விழுங்கும் திறனைப் பரிசோதித்த பிறகே வாய்வழி உணவு தர வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டி, உண்டபின் 30 நிமிடமாவது படுக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதக்கணக்கில் எழுந்திருக்க மனமின்றிக் கிடப்பவரைச் சோம்பேறி என்று ஏசுவது எனக்கு மிகுந்த வேதனை தரும் தவறு. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டிருந்தால், கார்டிசால், தைராய்டு முதலிய ஹார்மோன்கள் குறைந்து, களைப்பும் மாதவிடாய்க் கோளாறும் ஆண்மைக் குறைவும் தலைகாட்டும். ரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து மருந்தால் ஈடுசெய்யக்கூடிய இக்குறை, யாரும் சந்தேகிக்காததால்தான் தெரியாமலேயே போகிறது.

வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவுவதும் ஆபத்தானது. நெடுநாள் அசையாதிருந்த கெண்டைக்காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு நகர்ந்துவிடலாம். இடுப்போ முழங்கையோ சூடாக வீங்கி மடங்க மறுத்தால், மூட்டைச் சுற்றிய தசையில் எலும்பு வளர்கிறதா என்று பார்க்காமல் வலிந்து இழுக்கக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் அதைப்போன்ற விபரீதமே.

சாப்பாட்டில் குறை சொல்பவரைக் கடிந்துகொள்ளுமுன், அவருக்கு வாசனை தெரிகிறதா என்று காப்பித்தூளை முகரக் கொடுத்துப் பாருங்கள். முகர்வு நரம்புகள் அறுந்திருந்தால் ருசி மட்டுமல்ல, கேஸ் கசிவதும் அவருக்குத் தெரியாது. இரவில் அடுப்பின் திருகை வேறொருவர்தான் சரிபார்க்க வேண்டும்.